வங்கியில் அலைச்சல், போனில் திருட்டு: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகளிர் உரிமைத் தொகைக்கான பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம்ம தொப்பூரில்தான். அந்த ஆயிரம் ரூபாய், நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பென்ஷன், பால் பணம், ஓசூர் கம்பெனிச் சம்பளம், பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கும் மகன் அனுப்புகிற காசு என எல்லாமே இன்று கணக்கில்தான் ஏறுகிறது. அந்தக் கணக்கில் ஒரு பிரச்சினை என்றால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வங்கிக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் கூடவே போய்க் கேட்பதும் என் வழக்கம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை, பணம் திரும்பக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்தவர்கள். தாமதிக்காமல் புகார் சொன்னார்கள். சொன்னதற்கு ஒரு நம்பரோ முத்திரையோ கையில் வாங்கினார்கள்.

நான் எடுக்காத பணம் கணக்கிலிருந்து போயிருக்கிறது. முதலில் யாரைக் கூப்பிடுவது?

1930. இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். தமிழிலேயே பேசலாம். கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். எனவே அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

வங்கிக்கு முன்பே 1930-ஐச் சொல்ல ஒரு காரணம் உண்டு. திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. நிமிடக் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாற்றி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். உங்கள் வங்கியால் தன்னிடம் இருக்கும் கணக்கைத்தான் பூட்ட முடியும். 1930-இல் பதிவானால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்கும் தகவல் போய், மிச்சம் இருக்கும் தொகையை அங்கேயே நிறுத்தி வைக்க வழி உண்டு. நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டு மறுநாள் காலையில் கூப்பிட்டால் நிறுத்த எதுவும் இருக்காது.

அப்புறம் உடனே வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒருவர் 1930-க்கும் ஒருவர் வங்கிக்கும் ஒரே நேரத்தில் பேசுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு தளத்தில் நேராகவே புகாரைப் பதியலாம். 1930-இல் சொல்லியிருந்தாலும் இந்தத் தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றிவிடுவது நல்லது.

ஸ்டேஷனுக்குப் போனால் "இது எங்க லிமிட் இல்ல" என்கிறார்களே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியாக சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ மலை இறங்கி மாவட்டத் தலைநகர் வரை வர முடியாதவர்கள் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடிபியை நானே சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யார் தலையில் விழும் என்று சொல்வது அதுதான்.

தவறு வங்கியின் பக்கம் என்றால், நீங்கள் எப்போது புகார் சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயும், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாயும் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் புகார் சொல்லும் நிமிடம் வரை போன பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. புகார் சொன்ன பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் நஷ்டம். ஓடிபி சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு வீட்டில்கூட மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் மீதிப் பணமும் போகிறது. ஏமாந்தது குற்றமில்லை. வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்குத்தான் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. "நீங்கதான் ஓடிபி கொடுத்திருப்பீங்க" என்று கவுண்டரில் வாயால் சொல்வது நிரூபணம் ஆகாது.

மூன்று வேலை நாள் என்பதை எப்படி எண்ணுவது?

தகவல் வந்த நாளைச் சேர்க்காமல், உங்கள் கிளை இயங்கும் நாட்களை மட்டும் எண்ண வேண்டும். இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராத்திரி பணம் போய் எஸ்எம்எஸ் வந்தது என்று வையுங்கள். சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள் முதல் நாள், புதன் மூன்றாம் நாள். ஆனால் இந்தக் கணக்கு உங்கள் உரிமையை நிலைநாட்டுவதற்குத்தான். புகாரை வெள்ளி ராத்திரியே சொல்லிவிட வேண்டும். கட்டணமில்லா எண்ணுக்கு விடுமுறை கிடையாது.

எஸ்எம்எஸ் வந்தால்தானே தெரியும் என்பது சரியான கேள்வி. வேலைக்காக பெங்களூரு, திருப்பூர் என்று போய் சிம் மாற்றிய பிள்ளைகள், கணக்கில் பழைய நம்பரையே விட்டுவிடுகிறார்கள். கைவிட்ட நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்கோ போய்விடும். உங்கள் இருப்பும் ஓடிபியும் முன்பின் தெரியாத ஒருவர் போனில் விழும். நம்பர் மாறினால் ஊருக்கு வரும்போது முதல் வேலையாகக் கிளையில் மாற்றுங்கள்.

கிளைக்குப் போனால் "மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். கூலி விட்டுவிட்டு எத்தனை தடவை அலைவது?

இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இருக்கும் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மலைக் கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒரு தடவை வங்கிக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போயிற்று. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. ஆள் பற்றாக்குறை, வேலைப் பளு என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எந்த விதியும் இடம் தரவில்லை.

வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொண்டு போங்கள். வெள்ளைத்தாள் போதும். இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் வங்கி முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். நான் எழுதிக் கொடுக்கும் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, என் சேமிப்புக் கணக்கு எண் ……. …… தேதி மாலை …… மணிக்கு என் கணக்கிலிருந்து ரூ. …… நான் செய்யாத பரிவர்த்தனையில் போயுள்ளது. பரிவர்த்தனை எண் ……. குறுஞ்செய்தி வந்தவுடன் …… மணிக்கு உங்கள் கட்டணமில்லா எண்ணில் தெரிவித்தேன். புகார் எண் ……. 1930-இலும் பதிவு செய்துள்ளேன். ஒப்புகை எண் ……. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி இத்தொகையை 10 வேலை நாட்களுக்குள் என் கணக்கில் வரவு வைக்கவும், இம்மனுவுக்கு ஒப்புகை தரவும் வேண்டுகிறேன்."

அந்தப் பத்து வேலை நாள் என்பது நானாகச் சொல்வதில்லை. உங்கள் தவறு இல்லாத பரிவர்த்தனை என்றால், விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் தற்காலிகமாகத் தொகையை வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. புகாரை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சுற்றறிக்கையின் தேதியை எழுதிக் கொடுத்த மனுவுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் கிளை மேலாளர் பெயருக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வங்கியின் இணையதளத்தில் இருக்கும் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காசோலையும் இப்படித்தான். பெட்டியில் போடச் சொன்னாலும், கவுண்டரில் கொடுத்து ஒப்புகை கேட்டால் மறுக்கக் கூடாது.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். பேசியவனே பணத்தை எடுத்துவிட்டான். இது எப்படி?

தேடும்போது மேலே வருவதெல்லாம் வங்கியின் நம்பர் இல்லை. மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரை வங்கியின் பெயரில் இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். பணம் போன பதற்றத்தில் இருப்பவர் அதைத்தான் முதலில் அழுத்துவார். எதிர்முனையில் கனிவாகப் பேசுவார்கள், "பணம் திரும்ப வர ஒரு ஆப் போடணும் சார்" என்பார்கள். அந்த ஆப் உங்கள் போன் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டிவிடும்.

கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கும் நம்பர் மட்டுமே நம்பர். இன்றைக்கே அதை போனில் சேமித்து வையுங்கள். வங்கியிலிருந்து உங்களுக்கு வரும் அழைப்பு என்றால், சேவை தொடர்பான அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரண மொபைல் நம்பரிலிருந்து "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்றால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். எந்த நம்பராக இருந்தாலும் ஓடிபி கேட்டால் அது வங்கி இல்லை.

வங்கியின் இணையதளம் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்திய வங்கிகள் எல்லாம் தங்கள் தளத்தை டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்படி முடியும் முகவரியை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். முகவரியின் கடைசியைப் பாருங்கள். முன்னால் வங்கியின் பெயர் இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை.

இன்னும் அதிகமாகப் பணம் போவது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளால். கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம், பிஎம் கிசான் தவணை, கேஒய்சி (வங்கிக்குத் தரும் அடையாள, முகவரி விவரம்) புதுப்பிப்பு என்று ஏதோ ஒரு பெயரில் வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில் போயிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு ஆப். தொட்டுவிட்டீர்கள் என்றால் உடனே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். அதன்பின் போனை முழுதாக அழித்து அமைக்காமல் அதில் வங்கி ஆப் திறக்க வேண்டாம்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது.

ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும். யூபிஐயில் இன்னொருவருக்கு அனுப்பி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள், கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அங்கேயும் அதே 100 ரூபாய். இது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. கேட்காமலே தர வேண்டிய காசு இது; தராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் அம்மாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

ஊருக்கே வந்து ஆதார் கைரேகையில் பணம் தரும் முறை நல்ல முறை. மலைக் கிராமங்களில் வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. பெரும்பாலான முகவர்கள் நேர்மையானவர்கள். ஏமாற்றுகிறவர் செய்வது இதுதான்: பாட்டி விரலை வைப்பார். "ரேகை விழல பாட்டி, துடைச்சிட்டு இன்னொரு தடவை வை" என்பார். உண்மையில் முதல் தடவையே விழுந்திருக்கும். இரண்டாவது தடவைக்கும் பணம் கழியும். பாட்டி கைக்கு ஒரு தடவைக்கான நோட்டுதான் வரும். விவசாயம் செய்து தேய்ந்த கையில் ரேகை விழாமல் போவது சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அதனால் ஒவ்வொரு தடவை விரல் வைத்ததற்கும் ரசீது கேளுங்கள், தோல்வி அடைந்ததற்கும் சேர்த்து. பணத்தை அங்கேயே எண்ணுங்கள். மாதம் ஒருமுறை கிளையில் பாஸ்புக் பதிந்து, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் வரிவரியாகப் பார்க்கட்டும்.

ஆதார் ஆப்பிலோ ஆதார் தளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947-இல் கேட்கலாம். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது. போகும்போது தற்காலிகமாகத் திறக்க வேண்டும். அதைச் செய்து கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் பூட்டுங்கள்.

போலீஸ் என்று வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்கிறார்கள்.

அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. எந்தப் போலீசும், நீதிபதியும், சிபிஐயும் வீடியோவில் உட்கார வைத்து விசாரிக்கவோ, "சரிபார்க்க" என்று பணம் அனுப்பச் சொல்லவோ மாட்டார்கள். அழைப்பைத் துண்டித்து 1930-க்குச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் படித்தவர்கள்தான், அவர்களையே மணிக்கணக்கில் மிரட்டி வைக்கிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்; அதனால்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை போடுகிறார்கள்.

கடை கணக்கை திடீரென்று முடக்கிவிட்டார்கள். வேறு மாநிலப் போலீஸ் சொன்னது என்கிறார்கள். நான் என்ன செய்தேன்?

பெரும்பாலும் நீங்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விற்றவர், கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏற்றியவர், ஓசூரில் ரோஜா அனுப்பியவர் எல்லாம் வெளிமாநில வியாபாரியிடம் யூபிஐயில் பணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் நாலு கைக்கு முன்னால் யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், புகார் கொடுத்தவரின் ஊர்ப் போலீஸ் அந்தச் சங்கிலியில் இருக்கும் எல்லாக் கணக்கையும் நிறுத்தச் சொல்லும். வந்தது 2,000 ரூபாயாக இருக்கும், மொத்தக் கணக்கும் முடங்கிக் கிடக்கும்.

இதில் கிளையின் பதில்தான் மக்களை நோகடிக்கிறது. "எங்களுக்குத் தெரியாது, போலீஸைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் போலீஸ் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? எழுத்தில் நாலு விஷயம் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், சர்ச்சையில் உள்ள தொகை எவ்வளவு. இதைச் சொல்ல வேண்டியது வங்கி. அப்புறம் அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் உங்கள் பில், மண்டி சீட்டு, வண்டி வாடகை ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அனுப்பி, இது சரக்குக்கு வந்த பணம் என்று விளக்குங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி வங்கிக்கும் எழுதுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் இப்படி உத்தரவிட்டிருக்கின்றன. வழி எதுவும் திறக்காவிட்டால் வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் அடுத்த படி.

முன்பின் தெரியாத புதுப் பார்ட்டியிடம் சரக்கு விற்றால் பில் போடாமல் விடாதீர்கள். பில் இல்லாதவர்கள்தான் இதில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

"உன் அக்கவுண்ட்டை மட்டும் கொடு, மாசம் கமிஷன் தர்றேன்" என்று கல்லூரிப் பையனிடம் கேட்கிறார்களாம்?

கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன திருட்டுப் பணம் ஓடும் கால்வாய் இந்தக் கணக்குகள்தான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு சில ஆயிரம் தருவார்கள். வழக்கு வரும்போது கணக்கு அந்தப் பையன் பெயரில் இருக்கும், கைதாவதும் அவன்தான். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எடுபடாது. பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

உரிமைத் தொகையிலிருந்து மினிமம் பேலன்ஸ் என்று பிடித்துவிட்டார்கள்.

2023-இல் திட்டம் தொடங்கியபோதே இந்தப் புகார் நிறைய வந்தது; அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளிடம் சொன்னது. பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கி, கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவை 2025-இல் சேமிப்புக் கணக்குக்கு எடுத்துவிட்டன. இன்னும் பிடிக்கும் வங்கியாக இருந்தால், இருப்பு குறைந்ததை முதலில் தெரிவித்து, ஒரு மாதம் அவகாசம் கொடுத்த பிறகே பிடிக்கலாம். அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். நிரந்தரத் தீர்வு, கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்வது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது.

பாஸ்புக்கில் 20 ரூபாயும் 436 ரூபாயும் வருடா வருடம் போவது பற்றியும் கேட்கிறார்கள். அது பிரதமர் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும். என் கருத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை. வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இறந்தவருக்கு இந்தக் காப்பீடு இருந்ததே தெரியாமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

கடன் வேண்டும் என்றால் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

கட்டாயம் இல்லை. "கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம்.

கேஒய்சிக்காகத் திரும்பத் திரும்ப அலைய விடுகிறார்கள்.

சாதாரணச் சேமிப்புக் கணக்குக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை போதும். முகவரி உட்பட எதுவும் மாறவில்லை என்றால் "மாற்றமில்லை" என்று நீங்களே உறுதி சொன்னால் போதும். அதைப் பதிவான மொபைல், ஏடிஎம், நெட் பேங்கிங், கடிதம் வழியாகவும் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கியிருந்தால் இரண்டாம் தடவை கேட்கும்போது அதைக் காட்டினாலே போதும். லிங்க் அனுப்பி "இன்றிரவுக்குள் கேஒய்சி செய்யாவிட்டால் கணக்கு பிளாக்" என்று வந்தால் அது வங்கி இல்லை.

படிவம் தமிழில் இல்லை. பேசுபவருக்கும் தமிழ் தெரியவில்லை.

படிவம், செலுத்துச் சீட்டு, பாஸ்புக் எல்லாம் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழ்ப் படிவம் கேட்பது உரிமை. உங்கள் மனுவையும் தமிழிலேயே எழுதுங்கள். வாங்க மறுக்க முடியாது.

வங்கி பதிலே தரவில்லை. மேலே எங்கே போவது?

வங்கியிடம் எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் பதியலாம். இணைய வசதி இல்லாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகத்துக்கு 14448. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். முதல் கேள்வியே "வங்கியிடம் எப்போது புகார் செய்தீர்கள்" என்பதுதான். முத்திரை வாங்கிய அந்தப் பிரதி இங்கேதான் உதவும். அது இல்லாமல் நேராகப் போனால் திருப்பிவிடுவார்கள். முப்பது நாள் முடிந்தால் தள்ளிப்போடாமல் பதியுங்கள்.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க அது நல்ல இடம், ஆனால் நாள் பிடிக்கும்.

சொசைட்டியில் இருக்கும் கணக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி 2025 நவம்பர் 1 முதல் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்துவிட்டது. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது. அதன் மீதான புகார் கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளரிடம் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

அப்பாவுக்கு போனில் யூபிஐ வைத்துக் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்பாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

பென்ஷனோ சேமிப்போ இருக்கும் பெரிய கணக்கில் யூபிஐ வேண்டாம். சின்னதாக இன்னொரு கணக்கு தொடங்கி, செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அதற்கு மட்டும் யூபிஐ இணையுங்கள். என்ன மோசடி நடந்தாலும் நஷ்டம் அந்தச் சின்னக் கணக்கோடு நின்றுவிடும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் வங்கி ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம், தினசரி வரம்பையும் குறைக்கலாம்.

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதை அவர் மனதில் பதியும்வரை சொல்லுங்கள். பின் கேட்கிறது என்றால் பணம் போகப் போகிறது. பின் நம்பரை போன் கவரில் எழுதிச் செருகி வைப்பதைத் தடுங்கள். நம் பக்கம் அது நிறைய நடக்கிறது. போனில் சிக்னல் திடீரென்று போய் நெடுநேரம் வரவில்லை, பக்கத்தில் அதே கம்பெனி சிம்முக்குச் சிக்னல் இருக்கிறது என்றால், யாரோ அவர் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். உடனே சிம் கம்பெனிக்கும் வங்கிக்கும் பேச வேண்டும்.

எழுபது வயது தாண்டியவர் என்றால் பணம் எடுத்துத் தருவது, கேஒய்சி போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது. பல கிளைகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. அப்பா பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வாருங்கள்.